நிறத்தை நம்பாமல் கல் பிரிப்பது

தேரி மணல் (தென்கோடி மாவட்டங்களின் செம்மணல்), உவரிப் பக்கத்துக் கடற்கரை மணல், தாழையூத்துச் சுண்ணாம்புக்கல், வாய்க்கால் கரையில் பொறுக்கிய வெங்கச்சாங்கல் என்று வீட்டில் சேர்ந்துபோனதைக் கனிம வாரியாகப் பிரிக்கும் வேலை பாதிக்கு மேல் முடிந்தது. நிறத்தைக் கணக்கிலேயே எடுக்கவில்லை. தேரி மணலில் ஒரு சிட்டிகையை இரண்டு ஸ்பூனுக்கு நடுவில் நசுக்கி லென்ஸில் பார்த்தால், உள்ளே இருப்பது நிறமில்லாத குவார்ட்ஸ். அந்தச் செக்கச்செவேல் எல்லாம் மேலே படிந்த இரும்பு ஆக்சைடு தோல்தான்.

வெங்கச்சாங்கல்லும் வெள்ளை, தாழையூத்துக் கல்லும் வெள்ளை. ஆணியால் கீறினால் தாழையூத்துக் கல்லில் பள்ளம் விழுந்து மாவு உதிர்கிறது. வெங்கச்சாங்கல்லிலோ ஆணிதான் தேய்ந்து சாம்பல் கோடு விடுகிறது. கடினத்தன்மைக்குக் கனிமவியலாளர் மோஸ் 1812-ல் வகுத்த 10 படிகளில், தாழையூத்துக் கல்லின் கனிமமான கால்சைட் 3, வெங்கச்சாங்கல்லான குவார்ட்ஸ் 7. மூன்றாம் படிக்குப் புத்தகங்கள் செப்புக்காசைச் சொல்லும். இப்போது கையில் வரும் ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் எல்லாம் ஸ்டீல். வயரிங் வேலையில் மிஞ்சிய செப்புக் கம்பியை வைத்துக்கொள்ளுங்கள். சுத்தியலால் தட்டினால் கால்சைட் எவ்வளவு சின்னதாக உடைந்தாலும் சாய்ந்த கட்டமாகவே உடைகிறது, அடுத்தடுத்த முகங்களுக்கு இடையே 75, 105 பாகை. குவார்ட்ஸுக்கு அப்படி ஒழுங்கு கிடையாது. கால்சைட் தூளில் வினிகர் விட்டால் லேசாக நுரைக்கும்.

அப்புறம் ஒப்படர்த்தி, அதாவது அதே அளவு தண்ணீரைவிட கல் எத்தனை மடங்கு கனம் என்பது. கிராம் தராசில் தண்ணீர் டம்ளரை வைத்து எண்ணைப் பூஜ்யமாக்கி, நூலில் கட்டிய கல்லை அடியில் தொடாமல் முழுசாக முக்க வேண்டும். தராசு காட்டும் கிராம்தான் கல்லின் கன சென்டிமீட்டர். 74 கிராம் வெங்கச்சாங்கல்லுக்கு 28 காட்டியது, வகுத்தால் 2.64. குவார்ட்ஸுக்கு 2.65 என்பதால் சந்தோஷம். ஆனால் கால்சைட் 2.71. வீட்டுத் தராசை வைத்து இந்த இரண்டையும் பிரித்தேன் என்று யாராவது சொன்னால் நான் நம்பமாட்டேன்.

எடை வித்தியாசம் உதவுவது கடற்கரை மணலில். தட்டில் தண்ணீரோடு சாய்த்து, முறத்தில் அரிசி கொழிப்பது போல ஆட்டினால் குவார்ட்ஸ் ஓடிவிடுகிறது. கருப்பும் சிவப்பும் தங்குகின்றன. காயவைத்து, பாலித்தீன் சுற்றிய பழைய ஸ்பீக்கர் காந்தத்தைக் காட்டினால் கருப்பு இரும்புக் கனிமமான மேக்னடைட் முதலில் தாவும். கருப்பு இல்மனைட்டும் (இரும்பு-டைட்டானியம் கனிமம்) சிவப்புக் கார்னெட்டும் அசைய, அதைவிட வலுவான நியோடிமியம் காந்தம் வேண்டும். எதற்கும் அசையாத மிச்சம் பெயரில்லாமல் ஒரு டப்பாவில் கிடக்கிறது. இந்தக் கரை மணலில் கதிரியக்கமுள்ள தோரியம் கலந்த மோனசைட் கனிமமும் உண்டு என்பதால் கைப்பிடிக்கு மேல் எடுத்து வராதீர்கள்.

அறைகள் உள்ள பாசிமணிப் பெட்டியில் வேதியியல்படி அடுக்கினேன். கால்சைட் கார்பனேட், இல்மனைட்டும் மேக்னடைட்டும் ஆக்சைடு, கார்னெட்டும் காக்காப்பொன்னும் (மைக்கா) சிலிக்கேட். குவார்ட்ஸில்தான் சண்டை. அதில் இருப்பது சிலிக்கானும் ஆக்சிஜனும் மட்டுமே என்பதால் ஸ்ட்ருன்ஸ் என்ற கனிம வகைப்பாட்டு முறை அதை ஆக்சைடில் வைக்கிறது. ஒரு சிலிக்கானைச் சுற்றி நான்கு ஆக்சிஜன் என்ற கட்டமைப்பைப் பார்த்து இன்னொரு வகைப்பாடான டேனா முறை சிலிக்கேட்டில் சேர்க்கிறது. சிலிக்கேட்டான ஃபெல்ஸ்பார் கனிமத்துக்கும் அதே மாதிரிச் சட்டகம்தானே. நான் டேனா பக்கம்.

ஹாலைடு அறையில் தூத்துக்குடிக் கல்லுப்பு. லென்ஸில் கனசதுர மூலைகள் நன்றாகத் தெரிகின்றன. பாத்தி கட்டி விளைவித்த உப்பு இயற்கைக் கனிமமா என்று கறாராகக் கேட்டால் இல்லைதான். சரி, இருந்துவிட்டுப் போகட்டும். சல்பைடு அறை இன்னும் காலி.