ஜாய்ஸ்டிக் அக்காவிடம், பட்டன் என்னிடம்

2024 மார்ச் 2, சனி

கேலகா, நாணயம் போட்டு ஆடும் பழைய வீடியோ கேம் இயந்திரம், வீட்டுக்கு வந்துவிட்டது. இதை எழுதும்போது எனக்கு நேர் எதிரே சுவரோரமாக நிற்கிறது. இன்னும் மின்சாரம் கொடுக்கவில்லை.

நான்கு பேர் சேர்ந்து தூக்கினார்கள். நூறு கிலோவுக்கு மேல் எடை. வாசலில் திருப்பும்போது இரண்டு விரற்கடை இடம்தான் மிச்சம் இருந்தது. மூன்று முறை அளந்து வைத்திருந்தும் அந்த ஒரு நிமிடம் எனக்கு மூச்சே வரவில்லை. உள்ளே வந்ததும் எல்லோரும் தண்ணீர் குடிக்கப் போனார்கள். நான் அதன் முன்னால் போய் நின்று இரண்டு கைகளையும் ஜாய்ஸ்டிக்கும் பட்டனும் உள்ள பலகையின் மேல் வைத்தேன். சிறுவயதில் அந்த விளையாட்டுக் கூடத்தில் பலகை என் நெஞ்சு உயரத்தில் இருந்தது. இன்று இடுப்புக்குச் சற்று மேலே இருக்கிறது.

பலகையின் முன்விளிம்பில் வரிசையாக நான்கு சிகரெட் தழும்புகள். உள்ளங்கை படும் இடத்தில் வண்ணம் தேய்ந்து வெளுத்திருக்கிறது. விற்றவர் அதற்காக மிகவும் வருத்தப்பட்டார். புதுப் பலகை போட்டுக்கொள்ளலாம் என்றார். எனக்கு இந்தத் தழும்புகள் வேண்டும். பாதி சிகரெட்டை விளிம்பில் வைத்துவிட்டு, அது கரிந்து பலகையைச் சுடுவது கூடத் தெரியாமல் ஆடியவர்களின் முதுகுக்குப் பின்னால் நின்றுதான் நான் இந்த ஆட்டத்தைப் பார்த்துப் பழகினேன்.

மார்ச் 3, ஞாயிறு

கேலகா தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் எழுதுகிறேன். நாம்கோ நிறுவனம் 1979-ல் கேலக்சியன் என்ற ஆட்டத்தை வெளியிட்டது. அதன் வாரிசாக 1981-ல் வந்தது கேலகா. திரையின் அடியில் நம் கப்பல். அது இடமும் வலமும் மட்டுமே நகரும். மேலே பூச்சிப் படை சுழன்று சுழன்று வந்து அணிவகுக்கும்: இருபது தேனீக்கள், பதினாறு சிவப்புப் பட்டாம்பூச்சிகள், அவற்றுக்கும் மேலே நான்கு பச்சைத் தலைவர்கள். தலைவன் ஓர் அடியில் சாகமாட்டான். முதல் குண்டில் நிறம் மாறுவான், இரண்டாவதில்தான் விழுவான்.

கேலக்சியனில் ஒரு நேரத்தில் ஒரு குண்டுதான் திரையில் இருக்கலாம். கேலகாவில் இரண்டு. இந்த ஒரு வேறுபாட்டில்தான் ஆட்டத்தின் உயிர் இருக்கிறது என்று நினைக்கிறேன். இரண்டு குண்டும் குறி தவறினால் அவை திரையின் உச்சி வரை போய் மறையும்வரை நம்மிடம் ஒன்றும் இல்லை, பட்டனை எத்தனை முறை அழுத்தினாலும் பயனில்லை. குறி பட்டால் அந்தக் கணமே அடுத்த குண்டு தயார். அதனால் நன்றாக அடிப்பவனுக்கு வேகமாகச் சுட முடியும், தவறவிடுபவன் காத்திருக்க வேண்டும். விதி என்று எங்கும் எழுதி ஒட்டவில்லை. விரலுக்குத்தான் அது மெல்ல மெல்லப் புரியும்.

எனக்கு அது 9 வயதில் புரிந்தது. விரலுக்கு மட்டும் புரிந்தது. எங்களிடம் எப்போதும் ஒரே ஒரு நாணயம்தான் இருக்கும், ஆட்கள் இருவர். அக்கா என்னைவிட மூன்று வயது மூத்தவள். அவள்தான் ஒரு வழி கண்டுபிடித்தாள். ஜாய்ஸ்டிக் அவளிடம், பட்டன் என்னிடம். அவள் நகர்த்துவாள், நான் சுடுவேன். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். சில வாரங்களில் சிரிப்பை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்க்க ஆரம்பித்தார்கள்.

மார்ச் 9, சனி

இன்று பின்கதவைத் திறந்தேன். தூசியும் பழைய பிளைவுட்டும் சூடேறிய எண்ணெயும் கலந்த ஒரு வாசனை. அந்தக் கூடத்துக்குள் நுழையும்போதே முகத்தில் அடிக்கும் அதே வாசனை. டார்ச்சைக் கையில் வைத்துக்கொண்டு சற்று நேரம் சும்மா உட்கார்ந்துவிட்டேன்.

பிக்சர் டியூபில் கைவைக்கும் முன் அதில் தங்கியிருக்கும் மின்சாரத்தை இறக்க வேண்டும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பல ஆயிரம் வோல்ட் அதற்குள் பதுங்கியிருக்கலாம். பிளாஸ்டிக் பிடி போட்ட நீள ஸ்க்ரூடிரைவரின் கம்பியில் ஒரு ஒயரைச் சுற்றி, மறுமுனையை டியூபின் உலோகச் சட்டத்தில் கவ்வ வைத்தேன். ஒரு கையை முதுகுக்குப் பின்னால் மடக்கிக்கொண்டேன். மின்சாரம் ஒரு கையில் ஏறி மறுகையில் இறங்கும் வழியில் நெஞ்சு இருக்கிறது என்பதால் இந்த வேலை தெரிந்தவர்கள் எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள். டியூபின் தோளில் ஒட்டியிருக்கும் ரப்பர் மூடிக்கு அடியில் ஸ்க்ரூடிரைவரின் நுனியை மெல்ல நுழைத்தேன். 'டிக்' என்று ஒரு சத்தம். இன்னொரு முறை நுழைத்தேன். சத்தம் இல்லை. அதன் பிறகுதான் சட்டத்தைக் கழற்றினேன்.

மானிட்டர் போர்டில் இரண்டு கெப்பாசிட்டர்களின், அதாவது மின்சாரத்தைத் தேக்கும் சிறு பாகங்களின், தலை உப்பியிருந்தது. நான்கைந்துக்கு அடியில் கசிவு. பட்டியல் எடுத்துவிட்டேன். எல்லாவற்றையும் மாற்றிவிடுவதுதான் நல்லது. ஒன்று போனால் மற்றவையும் அதே வயதுதான்.

மார்ச் 16, சனி

கெப்பாசிட்டர் வேலை நேற்றிரவு முடிந்தது. இன்று காலை மின்சாரம் கொடுத்தேன்.

பெயர்ப்பலகைக்குப் பின்னால் டியூப்லைட் இரண்டு முறை சிமிட்டி எரிந்தது. திரையில் எழுத்துக் குப்பை நிரம்பியது. அப்படியே நின்றது. மறுபடி அதே குப்பை. ஆட்டம் தொடங்கவில்லை.

மல்டிமீட்டரை எடுத்தேன். மின்வழங்கியின் முனையில் 5 வோல்ட் சரியாக இருந்தது. ஆனால் ஆட்டத்தின் போர்டில், சிப்புகளின் காலில் அளந்தால் 4.6. இந்தப் போர்டில் மூன்று இசட்-80 பிராசசர்கள் இருக்கின்றன. 1981-ல் ஓர் ஆட்டத்துக்கு மூன்று மூளை என்பது பெரிய விஷயம். அவை எல்லாமே 5 வோல்ட் எதிர்பார்ப்பவை. 4.75-க்குக் கீழே போனால் அவற்றை நம்பிப் பயனில்லை. வழியில் எங்கோ 0.4 வோல்ட் காணாமல் போகிறது என்றால், அது இணைப்பில்தான் போகும்.

போர்டைக் கழற்றிப் பார்த்தேன். விளிம்பில் பல் வரிசைபோல இருக்கும் உலோகத் தடங்கள் கறுத்துக் கிடந்தன. பென்சில் ரப்பர் எடுத்து ஒவ்வொரு பல்லாகத் தேய்த்தேன். மொத்தம் ஒன்றரை மணி நேரம். ரப்பர் துகள் கருப்பாக உதிர, அடியிலிருந்து மஞ்சள் பளபளப்பு வந்தது. செருகும் பக்கத்திலும் கருகிப்போயிருந்த இரண்டு முனைகளை மாற்றிச் சால்டர் செய்தேன்.

5.02 வோல்ட்.

எழுத்துக் குப்பை ஒரு கணம் வந்தது. பிறகு, ராம் ஓகே. ரோம் ஓகே. கட்டம் கட்டமாகக் கோடுகள். பிறகு இருட்டு, அந்த இருட்டில் வண்ண வண்ணமாக நட்சத்திரங்கள் கீழே இறங்க ஆரம்பித்தன.

அந்த நட்சத்திரங்களை உண்டாக்குவதற்கென்றே நாம்கோ தனியாக ஒரு சிப் வைத்திருக்கிறது. எனக்கு இது பெரியவனான பிறகுதான் தெரிந்தது. 9 வயதில் அது நிஜ வானம்.

மார்ச் 17, ஞாயிறு

முழு நாளும் ஆடினேன். எழுத மனமில்லை.

மார்ச் 20, புதன்

ஞாயிற்றுக்கிழமை நடந்ததை இன்று எழுதிவிடுகிறேன்.

எனக்கு ஆட வரவில்லை. மூன்றாவது கட்டம் வரை போனேன். அது சவால் கட்டம், நாற்பது பூச்சிகளும் சுடாமல் அணி அணியாகப் பறந்து போகும், நாற்பதையும் அடித்தால் பத்தாயிரம் புள்ளி. நான் பதினேழு அடித்தேன். அடுத்த கட்டத்தில் செத்தேன். திரும்பத் திரும்ப அதே இடம்.

முதலில் பட்டனில்தான் கோளாறு என்று நினைத்தேன். கேலகாவின் பட்டனுக்கு அடியில் இருப்பது இரண்டு மெல்லிய உலோக இலைகள். அழுத்தினால் ஓர் இலை வளைந்து மற்றதைத் தொடும், அவ்வளவுதான். இப்போதைய பட்டன்களைப்போல 'கிளிக்' சத்தம் இல்லை. எந்தக் கணத்தில் தொட்டது என்பதை விரல் நுனி மட்டும் அறியும். ஒரு தடித்த காகிதத்தை இரண்டு இலைகளுக்கும் நடுவில் வைத்து, இலைகளை அழுத்திப் பிடித்துக்கொண்டு இழுத்தேன். காகிதத்தில் கறுப்புக் கோடு விழுந்தது. கோடு விழாதவரை இழுத்துச் சுத்தம் செய்தேன். பட்டன் பட்டுப்போல ஆகிவிட்டது.

மறுபடி ஆடினேன். சுடுவதில் எந்தக் குறையும் இல்லை. சுடும் கை எதையும் மறக்கவில்லை. தலைவன் பாயத் தொடங்கும் முன்னரே விரல் தயாராகிவிடுகிறது. ஜாய்ஸ்டிக் பிடித்த கைதான் ஒன்றும் தெரியாமல் நிற்கிறது. எங்கே போக வேண்டும் என்று அதற்குத் தெரியவில்லை. அந்தக் கை இந்த ஆட்டத்தை ஆடியதே இல்லை.

கணினியில் இதை எத்தனையோ முறை ஆடிப் பார்த்திருக்கிறேன். அங்கே ஆட வராதபோது, விசைப்பலகையில் ஆடுவதால்தான் இப்படி என்று எண்ணிக்கொண்டேன். உண்மையான இயந்திரம் கிடைத்தால் எல்லாம் திரும்பிவிடும் என்று இத்தனை வருடம் நம்பியிருந்தேன். நான் நேசித்த இயந்திரத்தில் பாதி மட்டுமே எனக்குத் தெரியும்.

மார்ச் 22, வெள்ளி

போர்டில் சின்னஞ்சிறு டிப் சுவிட்சுகள் இருக்கின்றன. எத்தனை உயிர், எந்தப் புள்ளிக்குக் கூடுதல் கப்பல், ஆட்டம் எவ்வளவு கடினம் என்பதெல்லாம் அவற்றில் அமையும். நாணயமே இல்லாமல் ஆடும் வசதியும் உண்டு. வீட்டில் வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் அதைத்தான் போட்டுக்கொள்வார்கள். நானும் இரண்டு நாள் போட்டுப் பார்த்தேன்.

சரிப்படவில்லை. செத்தால் உடனே ஸ்டார்ட் பட்டன், மறுபடி செத்தால் மறுபடி ஸ்டார்ட். மூன்றாவது உயிர் கையில் இருக்கும்போது முதுகில் ஓடும் அந்தக் குளிர் வரவே இல்லை. சுவிட்சைப் பழைய இடத்துக்கே மாற்றினேன். நாணயம் போட்டால்தான் ஆட்டம். வீட்டில் தேடி ஒரே ஒரு நாணயம் எடுத்து வைத்திருக்கிறேன். போடுவேன், ஆடுவேன். முடிந்ததும் கீழே குனிந்து சாவி போட்டுக் காசுப் பெட்டியைத் திறந்து அதையே எடுத்துக்கொள்வேன். அந்தக் குனியும் நேரம் யோசிக்கக் கிடைக்கிறது.

மார்ச் 24, ஞாயிறு

மாலையில் இயந்திரத்தை அணைத்த பிறகு ஜன்னல் வெளிச்சம் சாய்வாகத் திரையில் விழுந்தது. அணைந்த கண்ணாடியில் எழுத்துகள் தெரிந்தன. உச்சியில் 'ஹை ஸ்கோர்'. அதன் பக்கத்தில், முதல் ஆட்டக்காரரைக் குறிக்கும் 'ஒன் அப்'. வருடக்கணக்காக ஒரே இடத்தில் எரிந்த எழுத்துகள் டியூபின் உள்பூச்சைத் தீய்த்துத் தழும்பாக்கிவிட்டன.

இதில் ஒரு விசித்திரம். கேலகாவுக்கு நினைவு கிடையாது. மின்சாரம் போனால் அன்றைய புள்ளிகள், பெயருக்கு மூன்று எழுத்து வீதம் பட்டியலில் ஏறிய ஐந்து பேர் எல்லாம் போய்விடும். மறுநாள் காலையில் ஹை ஸ்கோர் மறுபடி 20,000. நானும் அக்காவும் ஒரே ஒரு முறை அந்த 20,000-ஐத் தாண்டியிருக்கிறோம். மறுநாள் ஓடிப்போய்ப் பார்த்தோம். இல்லை. அக்கா ஒன்றும் சொல்லவில்லை, என் கையைப் பிடித்து வெளியே அழைத்து வந்துவிட்டாள்.

புள்ளிகளை மறந்துவிடும் இயந்திரத்தில் கண்ணாடி மட்டும் தழும்பை வைத்திருக்கிறது. நல்ல டியூப் ஒன்று கிடைக்கிறது, மாற்றித் தருகிறேன் என்று ஒருவர் சொன்னார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

இரவு அக்காவுக்குப் போன் செய்தேன். இயந்திரம் வாங்கியதை அவளிடம் அதுவரை சொல்லவில்லை. நன்றாக ஆடிப் பழகிவிட்டுக் காட்ட வேண்டும் என்று வைத்திருந்தேன். கேலகா என்றதும் மறுமுனையில் பேச்சில்லை. பிறகு, "விசிறி வருகிறதா?" என்று கேட்டாள்.

மார்ச் 31, ஞாயிறு

விசிறி என்பது எங்கள் சொல். தலைவன் பாதி வழி இறங்கி நின்று, கீழ்நோக்கி நீல நிறத்தில் விசிறிபோல ஒரு கதிரை விரிப்பான். அதில் சிக்கினால் நம் கப்பல் சுழன்றபடி மேலே போகும், நிறம் சிவப்பாக மாறும், தலைவனுக்குப் பின்னால் கைதியாக உட்கார்ந்திருக்கும். ஓர் உயிர் போச்சு. முதல் முறை அக்கா வேண்டுமென்றே கப்பலை விசிறிக்குள் கொண்டுபோனபோது நான் அழுதேவிட்டேன். அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "பொறு, அவன் பாயும்போது சுடு" என்றாள். பாய்ந்து வந்தான். சுட்டேன். கைதிக் கப்பல் சுழன்றுகொண்டே இறங்கி எங்கள் கப்பலோடு ஒட்டிக்கொண்டது. இரட்டைக் கப்பல், இரட்டைக் குண்டு.

இன்று காலை அக்கா வந்தாள். செருப்பைக் கழற்றியவள் நேரே இயந்திரத்திடம் போனாள். சிகரெட் தழும்புகளைக் கட்டைவிரலால் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தாள். நான் நாணயத்தைப் போட்டேன். அந்த மெட்டு எழுந்தது. எதுவும் பேசிக்கொள்ளவில்லை. அவள் கை ஜாய்ஸ்டிக்குக்குப் போனது, நான் பட்டன் பக்கம் ஒதுங்கினேன். இருவர் தோளும் இடித்துக்கொண்டன. அப்போது இவ்வளவு நெருக்கம் இல்லை, நாங்கள் சிறியவர்கள்.

முதல் கட்டத்திலேயே விசிறிக்குள் போனாள். எனக்கு வயிறு கலங்கியது, 9 வயதில் கலங்கியதுபோலவே. அவன் பாய்ந்தான். சுட்டேன். கப்பல் இறங்கி வந்து ஒட்டிக்கொண்டது. "ம்" என்றாள்.

சவால் கட்டத்தில் முப்பத்தெட்டு. தப்பிய இரண்டும் என் அவசரத்தால் தப்பியவை. 20,000 தாண்டியது. ஒன்பதாம் கட்டத்தில் கடைசிக் கப்பல் வெடித்தபோது 52,340. திரையில் கணக்கு வந்தது: சுட்டவை 450, பட்டவை 333, விகிதம் 74.0.

"இன்னும் பட்டனை அவசரப்பட்டுத்தான் அழுத்துகிறாய்" என்றாள்.

பெயர் எழுத வேண்டும். அவள் ஜாய்ஸ்டிக்கை நகர்த்தி எழுத்தைத் தேர்ந்தெடுத்தாள், நான் பட்டனை அழுத்தி நிறுத்தினேன். அவள் பெயரின் முதல் எழுத்து, என் பெயரின் முதல் எழுத்து, கடைசியில் ஒரு புள்ளி.

அவள் திரையைப் பார்த்தபடியே உள்ளங்கையை என் பக்கம் நீட்டினாள். குனிந்து காசுப் பெட்டியைத் திறந்து அதே நாணயத்தை எடுத்து அவள் கையில் வைத்தேன்.