எஸ்-ஏ-ஐ-டி எப்படி டீச்சர் ‘செட்’ ஆகும்?

ஒன்றாம், இரண்டாம் வகுப்புக்கு ஆங்கிலம் எடுக்கும் டீச்சர் யாராக இருந்தாலும் மேசையில் ஒரு கட்டு பிளாஷ் கார்டு இருக்கும். என்னுடையது பழைய கல்யாணப் பத்திரிகைகளின் பின்பக்கத்தில் ஸ்கெட்ச் பேனாவால் எழுதியது. கெட்டி அட்டை, பிள்ளைகள் பிடித்து இழுத்தாலும் லேசில் கிழியாது.

அதில் உள்ளவை பெரும்பாலும் டால்ச் பட்டியல் சொற்கள். எட்வர்ட் டால்ச் என்ற அமெரிக்கர் 1936இல் வெளியிட்டது. குழந்தைகளுக்கான புத்தகங்களில் அடிக்கடி வரும் 220 சொற்கள். பெயர்ச்சொற்களை அவர் அதில் சேர்க்கவில்லை. நம் தலைவலியே அதுதான். பூனைக்குப் படம் காட்டலாம், ‘வாஸ்’க்கு எந்தப் படத்தைக் காட்டுவது?

தமிழில் எழுத்துக் கூட்டிப் பழகிய பிள்ளை, ‘சொன்னது’ என்று பொருள்படும் எஸ்-ஏ-ஐ-டியை ‘சைட்’ என்றுதான் படிக்கும். ‘செட்’ என்று திருத்தினால், “நடுவுல ஏ இருக்கே டீச்சர்?” என்று மடக்கும். நியாயமான கேள்வி.

அட்டையைத் தூக்கிக் காட்ட, வகுப்பே கோரஸாகக் கத்துவது பார்க்க நன்றாக இருக்கும். பார்வைக்கு வரும் அதிகாரிக்கும் பிடிக்கும். ஆனால் பல பிள்ளைகள் எழுத்தைப் பார்ப்பதே இல்லை. என் கட்டில் ஓர் அட்டையின் ஓரத்தில் சாம்பார்க் கறை உண்டு. அதை மட்டும் எல்லோரும் டக்கென்று சொல்லிவிடுவார்கள். அதே சொல்லைக் கரும்பலகையில் எழுதினால் முழிப்பார்கள்.

டால்ச் பட்டியல், அந்தச் சொற்களை வீட்டிலேயே பேசி வளர்ந்த பிள்ளைகளுக்கானது. நம் பிள்ளைக்குச் சொல்லே புதிது. ஆகவே முதலில் காதுக்கும் வாய்க்கும் பழக்குகிறேன். “நரி செட், பாட்டு பாடு. காக்கா செட், மாட்டேன்” என்று கதை ஓடும். அரைகுறை ஆங்கிலம்தான், பரவாயில்லை. பிறகு பலகையில் எழுதி, எந்த எழுத்து ஒழுங்காக ஒலிக்கிறது என்று கேட்பேன். எஸ் சரி, டி சரி. நடுவில் ஏ-ஐ இரண்டும் சேர்ந்து ‘எ’ என்கின்றன. அந்த இரண்டைச் சுற்றி மட்டும் சிவப்பு சாக்பீஸில் வட்டம், அதுவும் பிள்ளை கையால். மனப்பாடம் பண்ண வேண்டியது அந்த வட்டத்துக்குள் இருப்பது மட்டும்தான். வாசிப்பு ஆய்வாளர் லினியா எஹ்ரி சொல்வதும் இதையொட்டித்தான்: எழுத்துகள் ஒலிகளோடு பிணையும்போதுதான் சொல் மனதில் பதிகிறது, சொல்லை ஒரு படமாகப் பார்த்து அல்ல.

டபிள்யூ-ஏ-எஸ்ஸையும் எஸ்-ஏ-டபிள்யூவையும் ஒரே வாரத்தில் எடுப்பதில்லை. அதே மூன்று எழுத்து, திருப்பிப் போட்டால் வேறு சொல், பெரியவர்களுக்கே குழப்பும்.

2022இல் தமிழக அரசின் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் வந்த பிறகு அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துத்தான் பாடம் நடக்கிறது. தொடக்க நிலையான அரும்புக்காரர்களுக்கு வாரம் மூன்று நான்கு சொல்லே தாராளம். “பக்கத்து இங்கிலீஷ் மீடியத்துல அம்பது வேர்டு சொல்றாங்களாம் டீச்சர்” என்று அம்மாக்கள் வந்து நிற்பார்கள். “இவனும் சொல்லுவாம்மா. ஆனா வீட்ல வரிசையா கேக்காதீங்க, அட்டையக் கலைச்சுப் போட்டுக் கேளுங்க” என்று சொல்லி அனுப்புவேன்.