குளியலறையில் காக்கப்பட வேண்டிய மானம்

மறதிநோய் முற்றிய முதியவர்களைப் பற்றி முதியோர் இல்லப் பணியாளர்கள் முதலில் சொல்லும் குறை, பெரும்பாலும் குளியலைப் பற்றியதாகவே இருக்கிறது. குளிக்க வர மறுக்கிறார், கத்துகிறார், கையை ஓங்குகிறார் என்பார்கள். என் பெரியம்மா இருந்த இல்லத்திலும் இதையே சொல்லி, நோய் தீவிரமாகிவிட்டதற்கு அடையாளமாகக் காட்டினார்கள்.

அவர் பக்கத்திலிருந்து பார்த்தால் அது வேறு விதமாகத் தெரிகிறது. உள்பாவாடையை மார்புக்கு மேல் ஏற்றிக் கட்டிக்கொண்டே வாழ்நாள் முழுவதும் குளித்த ஒரு பெண்மணியை, விடிவதற்கு முன்பே எழுப்பி, முகம் நினைவில் நிற்காத இருவர் ஆடையைக் களைந்து தலையில் தண்ணீரை ஊற்றினால், அவர் கையை ஓங்காமல் வேறென்ன செய்வார்? அதை நோயின் முரட்டுத்தனம் என்று என்னால் ஏற்க முடியவில்லை. நினைவு போன பின்னும் நாணம் போகவில்லை என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டியதில்லை.

பிரிட்டனில் மறதிநோயாளிகளின் பராமரிப்பை ஆராய்ந்த உளவியலாளர் டாம் கிட்வுட் இதைத்தான் வலியுறுத்தினார். மூளையின் சிதைவு மட்டுமன்றி, குழந்தையைப் போல நடத்துவதும், எதிரில் இருப்பவரை இல்லாதவராகக் கருதிப் பேசுவதும் நோயாளியைக் குலைத்துவிடும் என்பது அவர் வாதம். அமெரிக்காவின் ஓரிகன், வட கரோலினா மாநிலங்களின் முதியோர் இல்லங்களில் நடத்தப்பட்டு 2004-இல் வெளியான ஆய்வு ஒன்றில், நோயாளியின் விருப்பத்துக்கேற்பக் குளிப்பாட்டியபோதும், உடலைப் போர்த்தியபடியே வெந்நீரில் நனைத்த பெரிய துண்டால் படுக்கையிலேயே துடைத்துவிட்டபோதும், அவர்களின் ஆவேசம் பாதிக்கும் மேல் குறைந்தது. நம் வீடுகளில் பாவாடையை அவிழ்க்காமலே காலிலிருந்து மெல்ல நீர் ஊற்றத் தொடங்கலாம். தலைக்குக் குளிப்பதை இன்னொரு நாளைக்குத் தள்ளிவைக்கலாம்.

ஆயாக்களைக் குறைகூற எனக்கு மனமில்லை. காலை உணவுக்குள் அத்தனை பேரையும் குளிப்பாட்டி முடிக்க வேண்டும் என்று அட்டவணை போடுபவர்கள் அவர்கள் அல்லர். ஆனால் அந்த அவசரத்தில் எழும் எதிர்ப்பு ‘வன்முறை’ என்று பதிவேட்டில் ஏறிவிட்டால், அடுத்து மனநோய்க்கான மாத்திரைகள் வந்துவிடுகின்றன. மறதிநோய் உள்ள முதியவர்களுக்கு இவ்வகை மருந்துகள் மரண அபாயத்தைக் கூட்டுகின்றன என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005-லேயே எச்சரித்திருக்கிறது.

ஆகவே, பெற்றோரை ஓர் இல்லத்தில் சேர்க்குமுன், கட்டணத்தையும் அறையையும் விசாரிப்பதோடு, குளிக்க மறுப்பவரை அங்கே என்ன செய்வார்கள் என்றும் கேளுங்கள். “சற்றுப் பொறுத்து மறுபடி கேட்போம்” என்று சொல்லும் இல்லத்தை நான் நம்புவேன்.