நாகப்பட்டினத்து வாசல், ஸ்காட்லாந்து மலைமேல்

டன்ராபின் கோட்டைக்கென்று தனியாக ஒரு ரயில் நிலையம் உண்டு. 1870-ல் சதர்லாந்து கோமகன் தன் வீட்டு வாசலிலேயே போட்டுக்கொண்டது. இன்றும் கோடையில் அங்கே ரயில் நிற்கும். ஆனால் நாம் கேட்டால்தான், டவுன் பஸ்ஸை நிறுத்தச் சொல்வதுபோல. எனக்கு அப்படி வந்து இறங்கத்தான் ஆசை. அபர்டீனில் வேலை பார்க்கும் தம்பி, "அக்கா, ஒரு ரயிலை விட்டா அடுத்தது எப்பன்னு பாரு, அப்புறம் பேசு" என்று கார் சாவியை எடுத்துவிட்டான்.

இன்வெர்னஸிலிருந்து வடக்கே, கடலை ஒட்டி ஒன்றரை மணி நேரம். மரங்களுக்கு மேலே முதலில் கூம்புக் கோபுரங்கள் மட்டும் தெரிந்தன. 189 அறைகள். உள்ளே பழைய கோட்டை ஒன்று ஒளிந்திருக்கிறது; அதைச் சுற்றி பிரெஞ்சு அரண்மனைச் சாயலில் எழுப்பியவர் சார்லஸ் பேரி, லண்டன் பாராளுமன்றக் கட்டடத்தை வடிவமைத்த அதே ஆள். வேலை தொடங்கியது 1845-ல். இந்த வருடத்தைக் கொஞ்சம் நினைவில் வையுங்கள்.

உள்ளே எல்லா அரண்மனையிலும் இருப்பதுதான்: வெள்ளிப் பாத்திரம், எண்ணெய் ஓவியம், உட்காரக்கூடாத நாற்காலி. தோட்டத்து மண்டபத்தை அருங்காட்சியகம் ஆக்கியிருக்கிறார்கள். அந்தக் குடும்பத்தார் உலகமெல்லாம் சுட்டுக்கொண்டு வந்த மிருகங்களின் தலைகள் சுவர் நிறைய. ஒட்டகச்சிவிங்கி ஒன்று கழுத்தோடு சுவரிலிருந்து நீள்கிறது. எனக்கு அங்கே அதிக நேரம் நிற்க முடியவில்லை. வெளியே வந்து, வல்லூறு பறக்கவிட்டுக் காட்டுகிறவரின் பேச்சைக் கேட்டோம். மனிதர் நகைச்சுவையாகப் பேசினார், பறவைதான் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை.

ஊருக்குப் பின்னால் மலை உச்சியில் ஒரு பிரம்மாண்டச் சிலை. முதலாம் சதர்லாந்து கோமகன், 1837-ல் நிறுத்தியது. தாராள மனம் கொண்ட நிலக்கிழார் என்று கீழே கல்வெட்டு புகழ்கிறது. குத்தகைப் பணத்தைவிட ஆட்டு ரோமத்தில் லாபம் அதிகம் என்று கணக்குப் பார்த்து, தலைமுறை தலைமுறையாகப் பள்ளத்தாக்குகளில் இருந்த குடியானவர்களை வெளியேற்றியது இதே குடும்பத்தின் நிர்வாகம்தான். 1814-ல் ஸ்ட்ராத்னேவரில் வீடுகளுக்குத் தீ வைத்ததாக பாட்ரிக் செல்லர் என்ற காரியஸ்தர்மேல் வழக்கு நடந்தது. 1816-ல் விடுதலையும் ஆனார். வெளியேற்றப்பட்டவர்கள் கடற்கரைக்குப் போய் மீன்பிடிக்கக் கற்றார்கள், அல்லது கனடாவுக்குக் கப்பலேறினார்கள். சிலையை இறக்க வேண்டும் என்று கேட்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். நான் அவர்கள் பக்கம்.

மறுநாள் ஆர்ட்கேயிலிருந்து மேற்கே திரும்பினோம். ஒரு வண்டி மட்டுமே போகக்கூடிய சாலை. எதிரே வருகிறவருக்கு ஒதுங்க அங்கங்கே ஒரு புடைப்பு. ஒதுங்குகிறவர் கையைத் தூக்குகிறார், தாண்டுகிறவரும் தூக்குகிறார். பத்து மைல் முழுக்க இந்த வணக்கம்தான். சாலை முடிகிற இடத்தில், நாலைந்து மரங்களுக்கு நடுவே க்ராயிக் தேவாலயம். பொறியாளர் தாமஸ் டெல்ஃபோர்டின் மாதிரி வரைபடத்தை வைத்து 1827-ல் கட்டிய, அலங்காரம் எதுவும் இல்லாத சின்னக் கட்டடம். கதவு பூட்டவில்லை. உள்ளே யாரும் இல்லை.

நாங்கள் பார்க்க வந்தது வெளியே. கிழக்கு ஜன்னலில் வைர வடிவச் சின்னச் சின்னக் கண்ணாடிகள். சாய்ந்து, வெளிச்சத்தை வாட்டமாகப் பிடித்தால்தான் கீறல்கள் எழுத்தாகின்றன. 1845 மே மாதம் பக்கத்துப் பள்ளத்தாக்கான கிளென்கால்வியிலிருந்து 18 குடும்பங்களை வெளியேற்றினார்கள். சுமார் 80 பேர். போக இடமில்லாமல் இந்தக் கல்லறைத் தோட்டத்தில் கம்பு நட்டு, துணி கட்டித் தங்கினார்கள், கைக்குழந்தைகளோடு. கோவிலுக்குள் போய்ப் படுக்கவில்லை. அப்போது யாரோ வெளியிலிருந்து கண்ணாடியில் கீறியது: கிளென்கால்வி மக்கள் இங்கே இருந்தார்கள், மே 24, 1845. இன்னொன்றில்: கிளென்கால்வி மக்கள், பொல்லாத தலைமுறை.

வீட்டில் கேலிக் மொழி பேசியவர்கள் ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் அந்த எழுத்தைத்தான் கற்றுக்கொடுத்தார்கள் என்பார்கள். எனக்கு அதைவிட அந்த "பொல்லாத" என்ற சொல்தான் தொண்டையில் நின்றது. வீட்டைப் பிடுங்கியவனைத் திட்டவில்லை, தாங்கள் செய்த பாவம் என்றே எழுதியிருக்கிறார்கள். தம்பி ஒன்றும் பேசாமல் இன்னொரு கண்ணாடியில் மூச்சு விட்டுத் துடைக்கப் போனான். "தொடாதடா" என்றேன்.

திரும்பும்போது ஸ்ட்ரூயி மலைச்சாலை. தம்பிக்கு வழியில் ஒரு விஸ்கி வடிசாலை பார்க்க ஆசை. எனக்கு ஃபைரிஷ் மலை. அக்கா என்கிற உரிமையை உபயோகித்தேன்.

உச்சி 450 மீட்டருக்குக் கொஞ்சம் மேல்தான். ஆனால் ஏற்றம் ஆளைக் கொல்கிறது, மிட்ஜ் பூச்சி மீதியைக் கொல்கிறது. எள்ளில் பாதி இருக்காது. காதுக்குள், இமைக்குள் எல்லாம் கடிக்கும். பைன் மரங்கள் முடிந்து வெட்டவெளி வந்ததும், வானத்தை ஒட்டி ஒரு கல் வாசல். மலைமேல் சும்மா நிற்கும் வளைவுகள், இரு பக்கமும் தனித்த தூண்கள். பின்னால் கோட்டையும் இல்லை, ஊரும் இல்லை. அது நாகப்பட்டினத்து வாசலின் நகல்.

கட்டியவர் ஹெக்டர் மன்ரோ. அடிவாரத்திலுள்ள நோவார் பண்ணையின் சொந்தக்காரர். (சென்னையில் குதிரைமேல் இருக்கும் மன்ரோ வேறு.) 1780-ல் புள்ளலூரில் ஹைதரும் திப்புவும் கிழக்கிந்தியக் கம்பெனியின் கர்னல் பெய்லியின் படையைச் சுற்றி வளைத்து அழித்தபோது, சில மைல் தொலைவில் காஞ்சிபுரத்தில் இருந்தும் உதவிக்குப் போகாத தளபதி இவர். கனமான பீரங்கிகளைக் கோவில் குளத்தில் தள்ளிவிட்டுச் சென்னைக்குத் திரும்பினார். அடுத்த வருடம் டச்சுக்காரர்களிடமிருந்து நாகையைப் பிடித்தார். 1782-ல் இங்கே வாசல் எழும்பியது. காஞ்சிபுரத்துக் குளத்துக்கு நினைவுச்சின்னம் எதுவும் கட்டியதாகத் தெரியவில்லை.

வேலையில்லாத ஊர்க்காரர்களுக்குக் கூலி கொடுக்கக் கட்டினாராம். வேலை சீக்கிரம் முடிந்துவிடாமலிருக்க, மேலே ஏற்றிய கற்களை அவரே கீழே உருட்டிவிட்டு மறுபடி ஏற்றச் சொன்னார் என்று ஒரு கதை. தர்மவான் என்பதற்குச் சாட்சியாக அதைச் சொல்கிறார்கள். கல் சுமந்தவர்களின் முதுகைக் கேட்டிருந்தால் வேறு கதை வந்திருக்கும்.

கீழே குரோமார்ட்டி வளைகுடாவில் எண்ணெய்க் கிணற்று மேடைகள் வரிசையாக நின்றன. அங்கிருந்தே அம்மாவுக்கு வீடியோ கால் போட்டேன். அம்மா நாகையில் பிறந்து வளர்ந்தவள். போனை வாசலுக்கு நேராகத் திருப்பி, "உங்க ஊர் வாசல்மா" என்றேன். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு பார்த்தாள்.

"எங்க ஊர்ல அப்படி ஒண்ணு நான் பாத்ததே இல்லையே."

அந்த டச்சுக் கோட்டையே இப்போது அங்கே இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள், "ஏண்டி மூஞ்செல்லாம் இப்படித் தடிச்சிருக்கு?" என்று கேட்டாள்.