சைக்கிளுக்குக் கண்ணாடி மாட்டலாமா?

ஆடி மாசத்தில் பல்லடத்தில் இருந்து கோவைப் பக்கம் மிதித்தால் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று நேராக முகத்தில் அடிக்கும். காதில் இரைச்சல் மட்டும்தான். பின்னால் வரும் லாரியின் சத்தம், அது தோளுக்குப் பக்கத்தில் வந்த பிறகுதான் கேட்கும். எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் காற்றில்லாத நாளிலும் ஓசைப்படாமல் வந்து நிற்கிறது. காதை மட்டும் நம்பி மெயின் ரோட்டில் ஓட்டுவது இனி சரிப்படாது. கண்ணாடி மாட்டத்தான் வேண்டும்.

அதுவும் வலது கைப்பிடியில். நாம் இடது ஓரம் போகிறோம், முந்துகிற வண்டி வலப்பக்கம் வருகிறது. வெளிநாட்டுக் கண்ணாடிகள் பலவற்றை இடப்பக்கத்துக்கென்றே வளைத்திருப்பார்கள். வலப்பக்கம் மாட்டினாலும் நிமிர்ந்து நிற்கிறதா என்று கடையிலேயே வைத்துப் பார்த்துவிடுங்கள். ஹெல்மெட்டில் ஒட்டும் குட்டிக் கண்ணாடிக்கும் இதே கணக்குதான்.

கண்ணாடி தட்டையா, புடைத்ததா என்று அறிய ஒரு ஸ்டீல் ஸ்கேல் போதும். குறுக்கே வைத்தால் தட்டைக் கண்ணாடியில் முழுக்கப் படியும். புடைத்ததில் நடுவில் முட்டி இரண்டு பக்கமும் ஆடும். சைக்கிளுக்குப் புடைத்ததே நல்லது. உள்ளங்கை அளவுக் கண்ணாடியில் தட்டையானது ரோட்டின் ஒரு கீற்றைத்தான் காட்டும். ஆனால் புடைத்ததில் உருவம் சிறுத்து, வண்டி இன்னும் தூரத்தில் இருப்பது போலத் தோன்றும். ஆபத்தே இதில்தான். 60 கிலோமீட்டர் வேகத்தில் பஸ் வருகிறது, நீங்கள் 18-ல் போகிறீர்கள் என்றால் இடைவெளி நொடிக்குச் சுமார் 12 மீட்டர் குறைகிறது. 60 மீட்டர் பின்னால் புள்ளியாகத் தெரிந்த பஸ் 5 நொடியில் பக்கத்தில் நிற்கும். குழியைச் சுற்றி வலப்பக்கம் ஒதுங்கித் திரும்பவும் ஓரத்துக்கு வரவே 3, 4 நொடி ஆகும். அதனால் கண்ணாடியை ஒரு தடவை பார்த்தால் போதாது. ஒரு நொடி விட்டு மறுபடி பாருங்கள். உருவம் எவ்வளவு பெருத்திருக்கிறது என்பதில்தான் வேகம் தெரியும்.

மாட்டும் முறை. நேர் ஹேண்டில்பாரின் வெளி விட்டம் பொதுவாக 22 மில்லிமீட்டர். கிளாம்ப் தளர்வாக இருந்தால் பழைய டியூபில் ஒரு துண்டு வெட்டிச் சுற்றி, அதன் மேல் முடுக்குங்கள். ரப்பர் பிடியும் கொடுக்கும், அதிர்வையும் வாங்கிக்கொள்ளும். பிளாஸ்டிக் கிளாம்பை வெறிகொண்டு முடுக்கினால் மரை போய்விடும். கையால் தள்ளினால் அசையாத அளவு போதும். பார் முனைக்குள் செருகும் வகை என்றால் கிரிப்பின் மூடிய நுனியை பிளேடால் வட்டமாக அறுத்தெடுக்க வேண்டும்.

கம்பி குட்டையாக இருக்கட்டும். நீளக் கம்பியில் உட்கார்ந்த கண்ணாடி மோசமான தாரில் நடுங்கி, பின்னால் வருவது காரா வேனா என்றே தெரியாது. கேரியரில் இருபக்கமும் பால் கேன் தொங்கவிடுகிறவர்களுக்கு மட்டும் நீளக் கம்பி தேவை. இல்லாவிட்டால் கேன்தான் தெரியும்.

சரிசெய்யும்போது சைக்கிளை ஒருவர் பிடித்துக்கொள்ள, ஓட்டுகிற வாக்கிலேயே உட்காருங்கள். கண்ணாடியின் உள்விளிம்பில் உங்கள் சட்டைக் கை துளி தெரிய வேண்டும், தூரத்து ரோடு நடுவில் இருக்க வேண்டும். பிறகு இன்னொருவரைப் பின்னால் 20 எட்டில் இருந்து வலப்பக்கமாக நடந்து வரச் சொல்லுங்கள். பக்கத்தில் வரும்போது ஓரிடத்தில் கண்ணாடியை விட்டு நழுவுவார். கடைக்கண்ணுக்கும் இன்னும் வந்திருக்க மாட்டார். ஒரு பைக் அப்படியே மறைகிற இடம் அது. வலப்பக்கம் திரும்பும் முன் தலையைத் திருப்பிப் பார்க்கச் சொல்வது இதனால்தான்.

தலையைத் திருப்பினால் ஹேண்டிலும் கூடவே வலப்பக்கம் இழுக்கும். தார் விளிம்பு அரை அடி இறங்கிக் கிடக்கிற ரோட்டில் நொடிக்கொரு தரம் திரும்பிப் பார்த்துக்கொண்டே ஓட்ட முடியாது. கழுத்து திரும்பாத பெரியவர்களுக்கோ அதுவும் வாய்க்காது. எப்போது திரும்பிப் பார்ப்பது என்று சொல்வதுதான் கண்ணாடியின் வேலை. பொள்ளாச்சி - உடுமலை ரோட்டில் தேங்காய் மட்டை ஏற்றிய வண்டி வந்தால் இன்னொன்றும் தெரியும்: வலைக்கு வெளியே பக்கவாட்டில் பிதுங்கி நிற்கும் லோடு. டிரைவர் வண்டியின் உடம்பை மட்டும் கணக்குப் போட்டு ஒதுங்குவார், லோடு உங்கள் தோளை உரசும். கண்ணாடியில் அந்தப் பிதுக்கம் தெரிந்தால் காலை ஊன்றி நின்றுவிடுங்கள். எதிரே முந்திக்கொண்டு வருகிற பஸ்ஸுக்குக் கண்ணாடியால் ஒன்றும் ஆகாது; முன்னால் பார்க்கிற கண்தான் வேலை செய்ய வேண்டும்.

காலையில் மேற்கே போனால் சூரியன் கண்ணாடிக்குள் உட்கார்ந்துவிடும், இரவில் ஹை பீமும் அப்படித்தான். ஒரு விரல் அளவு வெளிப்பக்கம் சாய்த்தால் கூச்சம் குறையும். உழவர் சந்தை ஸ்டாண்டில் விடும்போது மடக்கி வையுங்கள். முதலில் உடைவது கண்ணாடிதான். தலைகுனியத் தொடங்கினால் பின்னால் இருக்கும் பந்து மூட்டின் ஸ்குரூவைக் கால் சுற்று முடுக்கினால் போதும்.