கட்டிப்போட்டு எரிக்கும் ராக்கெட்

பெரிய திட எரிபொருள் பூஸ்டர் ஒன்றை, அதாவது கிளம்பும் வேளையில் ராக்கெட்டை மேலே தள்ளும் துணை ராக்கெட்டை, தரையில் கட்டிவைத்து எரிக்கும் காட்சியில் என்னை எப்போதும் முதலில் ஈர்ப்பது அதன் நெருப்பு அன்று. அதற்கு முந்தைய அமைதிதான். மூன்று கிலோமீட்டர் தள்ளி நிற்கும் கேமராவுக்கு வெளிச்சம் உடனே தெரிந்துவிடுகிறது. ஒலி வந்து சேர ஏறத்தாழ ஒன்பது நொடி ஆகிறது. அந்த ஒன்பது நொடிக்குள், அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் புரோமான்டரி என்னுமிடத்தில் சோதிக்கப்படும், ஐந்து துண்டுகளை (செக்மென்ட்) இணைத்துச் செய்த நாசாவின் பூஸ்டர், சுமார் 50 டன் எரிபொருளை எரித்து வெளியே தள்ளியிருக்கும். 47 மீட்டர் நீளமும் 3.7 மீட்டர் விட்டமும் கொண்ட அந்த எஃகுக் குழாய், சுமார் 1,600 டன் உந்துவிசையைத் தந்தபடி, இரண்டு நிமிடத்துக்குச் சற்றே கூடுதலாகக் கிடந்த இடத்திலேயே கிடக்கிறது. அதன் வால்புறம் இருக்கும் மலைச்சரிவின் மணல் உருகிக் கண்ணாடியாகிப்போகிறது.

திரவ எரிபொருள் எஞ்சினை மூட்டலாம், அணைக்கலாம், மறுபடியும் மூட்டலாம். சோதித்த அதே எஞ்சினை ராக்கெட்டில் பொருத்தி அனுப்பவும் செய்யலாம். திட எரிபொருள் பூஸ்டருக்கு அந்த வசதி இல்லை. அம்மோனியம் பெர்குளோரேட்டும் அலுமினியத் தூளும் ரப்பர் போன்ற பிணைபொருளில் கலந்து, உறைக்குள் வார்த்து இறுகவைக்கப்பட்டிருக்கின்றன. நடுவில் நீளவாக்கில் ஒரு துளை இருக்கும். முன்முனையில் இருக்கும் சிறிய ராக்கெட் ஒன்று அந்தத் துளைக்குள் தீயைப் பாய்ச்சியதும், உள்பரப்பு முழுவதும் ஒரு நொடிக்குள் பற்றிக்கொள்கிறது. அதன்பின் எவராலும் அதை நிறுத்த முடியாது. எவ்வளவு விசை, எந்த நொடியில் என்பதெல்லாம் துளையின் வடிவத்திலேயே முன்கூட்டி எழுதப்பட்டுவிடுகிறது. அமெரிக்காவின் விண்வெளி ஓடத்தின் (ஸ்பேஸ் ஷட்டில்) பூஸ்டரில் முன் செக்மென்டின் துளை 11 முனை நட்சத்திரமாக இருந்ததற்கும், மேலேறும் ஓடத்தின்மீது மோதும் காற்றின் அழுத்தம் உச்சத்தை எட்டும் வேளையில் விசை சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைந்ததற்கும் இதுதான் தொடர்பு.

ஆகவே சோதிக்கப்பட்ட பூஸ்டர் ஒருநாளும் பறப்பதில்லை. பறக்கும் பூஸ்டர் ஒருநாளும் சோதிக்கப்பட்டதில்லை. ஒன்றின் முடிவை வைத்து இன்னொன்றை நம்புகிறோம். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்ற நம் கணக்குதான் இதுவும். ஆனால் அந்தக் கணக்கில் சொல்லாமல் விடப்பட்ட ஒரு நிபந்தனை உண்டு: பதம் பார்த்த சோறு அதே பானையில், அதே உலையில் வெந்திருக்க வேண்டும்.

இந்த நிபந்தனை மீறப்பட்டதன் விலையை 1986 ஜனவரி 28 அன்று உலகம் பார்த்தது. சேலஞ்சர் ஓடம் கிளம்பி 73 நொடிகளில் சிதறி ஏழு பேர் இறந்ததற்குக் காரணம், வலப்பக்க பூஸ்டரின் செக்மென்ட் இணைப்பு ஒன்றில் குளிரால் விறைத்துப்போன ஓ-ரிங் என்னும் ரப்பர் வளையம் சூடான வாயுவைத் தடுக்கத் தவறியது என்பதைப் பலரும் அறிவர். அந்த பூஸ்டர் வகை 1977 முதலே தரையில் முழு அளவில் எரித்துச் சோதிக்கப்பட்டு, தேறியதாகவே கருதப்பட்டிருந்தது என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. விபத்தை ஆராய்ந்த ரோஜர்ஸ் ஆணையத்தின் முடிவுகளில் ஒன்றை நான் திரும்பத் திரும்பப் படித்திருக்கிறேன். சோதனை பூஸ்டர் பறக்கும் நிலையில் இருப்பதுபோலவே அமைக்கப்பட வேண்டும் என்ற விதி எதுவும் இல்லை. அது செங்குத்தாக அன்றி, படுக்கவைத்தே எரிக்கப்பட்டது. இணைப்புக்கான சோதனைத் திட்டம் போதுமானதாக இல்லை என்று அது சொல்கிறது. அதாவது, சோதனை பொய் சொல்லவில்லை. கேட்ட கேள்விக்கு அது சரியான பதிலைத்தான் தந்தது. ஏவுதளத்தில் நடுங்கும் குளிரில் நிமிர்ந்து நிற்கும் இணைப்பைப் பற்றி அதனிடம் எவரும் கேட்கவில்லை.

அதன் பிறகு வந்த சோதனைகளை இந்தக் கோணத்தில் பார்த்தால்தான் அவற்றின் அருமை தெரிகிறது. இணைப்பு மாற்றி வடிவமைக்கப்பட்டது. மூன்றாவது ஓ-ரிங்கும், இணைப்பைச் சூடாக வைத்திருக்கும் ஹீட்டரும் சேர்ந்தன. செங்குத்தாகச் சோதிப்பதைப் பரிசீலிக்குமாறு ஆணையம் பரிந்துரைத்திருந்தது. நாசா படுக்கை நிலையிலேயே தொடர்ந்தது, ஆனால் பறக்கும்போது வெளியிலிருந்து விழும் விசைகளையும் பூஸ்டர்மீது செலுத்தக்கூடிய இன்னொரு சோதனை மேடையைக் கட்டியது. 1988 ஆகஸ்டில் அவர்கள் செய்த சோதனைதான் என் மனத்துக்கு மிக நெருக்கமானது. இணைப்பின் தடுப்புகளில் வேண்டுமென்றே குறைகளை வைத்து, சூடான வாயு ஓ-ரிங் வரை போய்ச் சேர வழி செய்துவிட்டு, முழு பூஸ்டரையும் எரித்தார்கள். நன்றாகச் செய்ததை எரித்துக்காட்டுவதற்கு நல்ல தொழிலாளர்கள் போதும். கெடுத்து வைத்ததை எரித்துப் பார்க்கத் தனித் துணிவு வேண்டும். இணைப்பு தாங்கியது, அடுத்த மாதமே ஓடம் மீண்டும் பறந்தது.

வெப்பநிலையும் இப்போது ஒரு கேள்வியாகவே கேட்கப்படுகிறது. குளிர்ந்த திட எரிபொருள் மெதுவாக எரியும், அழுத்தம் குறையும், நேரம் நீளும். சூடானது வேகமாக எரிந்து உறையை அதிகமாக நெருக்கும். அதனால்தான் ஐந்து செக்மென்ட் பூஸ்டரின் தகுதிச் சோதனைகளில் முதலாவது, 2015 மார்ச் 11 அன்று, சுமார் 32 டிகிரி செல்சியஸில் நடந்தது. இரண்டாவது, 2016 ஜூன் 28 அன்று, சுட்டெரிக்கும் கோடையின் நடுவில், சுமார் 4 டிகிரிக்குக் குளிர்விக்கப்பட்டு நடந்தது. நூற்றுக்கணக்கான டன் எடையுள்ள, வெப்பத்தை எளிதில் கடத்தாத ரப்பர்க் கட்டியின் உட்பகுதி வரை குளிரை இறக்க வாரக்கணக்கில் ஆகிறது. இரண்டு நிமிட நெருப்புக்காக அத்தனை வாரம் காத்திருந்தவர்களின் பொறுமையைக் காணொளி காட்டுவதில்லை.

முதல் தகுதிச் சோதனை நடப்பதற்கே பல மாதங்கள் தாமதமானதும் இப்படிப்பட்ட கதைதான். எரிபொருளுக்கும் உறையின் உள்காப்புக்கும் இடையே வெற்றிடங்கள் இருப்பது பரிசோதனையில் தெரிந்தது. தீ எட்டக் கூடாத இடத்தில் ஒரு புதிய பரப்பு கிடைத்துவிட்டால், எரியும் பரப்பு திட்டமிட்டதைவிடக் கூடி, அழுத்தம் எகிறிவிடும் என்பதால், காரணத்தைக் கண்டு திருத்தும் வரை அவர்கள் மூட்டவில்லை.

எல்லோரும் படுக்கவைத்துத்தான் எரிக்கிறார்கள் என்றில்லை. ஐரோப்பாவின் ஏரியான் ராக்கெட்டின் பூஸ்டர்கள் தென் அமெரிக்காவில் பிரெஞ்சு கயானாவின் கூருவில், ஆழமான பள்ளத்தின் மேல், பறக்கும் நிலையிலேயே நிறுத்திச் சோதிக்கப்படுகின்றன. 1960களில் புளோரிடாவில் 6.6 மீட்டர் விட்டமுள்ள ஒரு திட எரிபொருள் ராக்கெட்டைக் குழிக்குள் தலைகீழாக இறக்கி, வாயு வெளியேறும் வாயான நாசில் வானத்தைப் பார்க்க எரித்திருக்கிறார்கள். ஸ்ரீஹரிகோட்டாவில் இஸ்ரோ 2010 ஜனவரி 24 அன்று முதன்முதலாகச் சோதித்த எஸ்200 என்னும் திட எரிபொருள் பூஸ்டரும் படுக்கை வகைதான். மனிதர்களை ஏற்றிச்செல்வதற்காக மாற்றப்பட்ட அதன் வடிவம் 2022 மே 13 அன்று 203 டன் எரிபொருளுடன் 135 நொடி எரிந்தபோது, சுமார் 700 அளவுகள் பதிவு செய்யப்பட்டன.

கேள்வியே தோன்றாத இடத்திலிருந்து பதில் வருவதும் உண்டு. 1991 ஏப்ரல் 1 அன்று எட்வர்ட்ஸ் விமானப்படைத் தளத்தில், அமெரிக்காவின் டைட்டன் 4 ராக்கெட்டுக்கான புதிய பூஸ்டர் மூட்டிய இரண்டு நொடிக்குள் வெடித்தது. உள்ளே பாய்ந்த வாயுவின் அழுத்தத்தில் எரிபொருளே நெளிந்து, வாயுவின் வழியைத் தானே அடைத்துக்கொண்டிருந்தது. 2025 ஜூன் 26 அன்று புரோமான்டரியில், எஃகுக்குப் பதில் கூட்டுப்பொருள் உறை கொண்ட அடுத்த தலைமுறை பூஸ்டரின் முதல் சோதனையில், எரிந்து முடியும் தறுவாயில் நாசில் பகுதி சிதறித் தெறித்தது. அன்றைய காணொளியைப் பார்த்தவர்களில் பலர் தோல்வி என்று எழுதினர். ஆளற்ற மலைச்சரிவில், கருவிகள் பதிவு செய்துகொண்டிருக்கும்போது உடைந்த ஒன்றை அப்படி அழைக்க எனக்கு மனம் வரவில்லை.

நெருப்பு தணிந்ததும் பெரும்பாலான காணொளிகள் முடிந்துவிடுகின்றன. சிலவற்றில் மட்டும் இன்னும் சற்று நேரம் கேமரா ஓடும். அப்போது ஓர் இயந்திரக் கை மெதுவாக நாசிலுக்குள் நுழைந்து, கனன்றுகொண்டிருக்கும் உள்காப்பை மேலும் கருகவிடாமல், கரியமில வாயுவைப் பீய்ச்சி அணைக்கிறது. எந்த இடத்தில் எத்தனை மில்லிமீட்டர் தேய்ந்தது என்பதை அளக்க, பூஸ்டர் பிறகு இணைப்பு இணைப்பாகக் கழற்றப்படும்.