கணையத்தைத் தொடாத கருவியும் கணைய அழற்சியும்

இரைப்பையிலும் பெருங்குடலிலும் எண்டோஸ்கோபி செய்தும் சித்தப்பாவின் இரத்தசோகைக்குக் காரணம் தெரியாததால், இரட்டை பலூன் கருவியால் சிறுகுடலைப் பார்க்கலாம் என்று மருத்துவர் கூறினார். ஒப்புதல் படிவத்தில் இரத்தப்போக்கு, குடலில் துளை விழுதல் ஆகியவற்றோடு கணைய அழற்சியும் குறிப்பிடப்பட்டிருந்தது. பித்த நாளத்தையும் கணைய நாளத்தையும் எண்டோஸ்கோபி வழியாகப் பார்க்கும் ஈ.ஆர்.சி.பி. சோதனையில் கணைய நாளத்தின் வாயிலிலேயே கருவி நுழைவதால் அங்கே அழற்சி வருவதில் வியப்பில்லை. ஆனால் கணையத்தைத் தொடாமல் குடலுக்குள் மட்டும் செல்லும் கருவியால் அது எப்படி வரும் என்ற கேள்விதான் என்னைப் படிக்க வைத்தது.

ஜப்பானின் ஜிச்சி மருத்துவப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹிரோனோரி யமமோட்டோ 2001இல் வெளியிட்ட முறை இது. கருவியின் நுனியில் ஒரு பலூனும் அதன் மேலுறைக் குழாயின் நுனியில் மற்றொன்றும் இருக்கும். இவற்றை மாறி மாறி ஊதியும் தளர்த்தியும் தள்ளி இழுக்கும்போது, பாவாடையில் நாடா கோர்க்கையில் துணி சுருங்கிச் சேர்வது போல, மீட்டர் கணக்கில் நீளமுள்ள குடல், மேலுறைக் குழாயின் மேல் மடிந்து சேர்கிறது.

கணையத்தின் தலைப்பகுதியை வளைத்துக் கிடப்பது சிறுகுடலின் தொடக்கப் பகுதியான முன்சிறுகுடல். கணைய நாளம் திறப்பதும் அதற்குள்தான். அந்த இடத்தில் இரண்டு பலூன்களும் ஊதிய நிலையில் இருந்தால், இடைப்பட்ட பகுதியில் அழுத்தம் கூடிக் குடல் நீர் நாளத்துக்குள் பின்னோக்கிப் பாயலாம் என்பது ஒரு விளக்கம். திரும்பத் திரும்ப இழுபடும்போது கணையம் நசுங்கி, அதன் இரத்த ஓட்டமும் குறையலாம் என்பது மற்றொன்று. பதிவான நோயாளிகள் சிலருக்கு வாயிலுக்கு அருகிலுள்ள தலைப்பகுதியை விட்டு, கணையத்தின் உடற்பகுதியிலும் வால்பகுதியிலும் அழற்சி காணப்பட்டிருப்பதால், இரண்டாவது விளக்கமே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. சோதனையை வாய் வழியாக அல்லாமல் ஆசனவாய் வழியாகச் செய்யும்போது இச்சிக்கல் மிக அரிது என்பதும் கவனிக்கத்தக்கது. சிறு கேமராவை மாத்திரை போல விழுங்கிச் செய்யும் கேப்சூல் சோதனையில் கோளாறு சிறுகுடலின் கீழ்ப்பகுதியில் தெரிந்தால் அவ்வழியே செல்ல முடியும்.

நான்கு கண்டங்களின் பத்து மையங்களில் செய்யப்பட்ட 2362 சோதனைகளைத் தொகுத்து 2007இல் வெளியான ஆய்வில், கணைய அழற்சி ஏழு பேருக்கு, அதாவது 0.3 சதவீதத்தினருக்கு, வந்ததாகப் பதிவாகியிருந்தது. முன்சிறுகுடலைக் கடந்த பின்னரே பலூன்களை ஊதுவது, சோதனையைத் தேவைக்கு மேல் நீட்டாமல் இருப்பது ஆகியவை மருத்துவர்கள் கையாளும் முன்னெச்சரிக்கைகள்.

சோதனைக்குப் பின் பலருக்கு இரத்தத்தில் அமைலேஸ் என்ற செரிமான நொதியின் அளவு உயர்கிறது; வலி இல்லையென்றால் அந்த எண் மட்டுமே நோயாகாது. மேல்வயிற்றில் அதற்கே உரிய வலி, இயல்பின் உச்ச வரம்பைப் போல் மூன்று மடங்குக்கு மேல் உயர்ந்த அமைலேஸ் அல்லது மற்றொரு செரிமான நொதியான லிப்பேஸ், ஸ்கேனில் தெரியும் மாற்றம் ஆகிய மூன்றில் இரண்டு இருந்தால்தான் கணைய அழற்சி என்று உறுதி செய்கிறார்கள். பெரும்பாலும் சிரை வழித் திரவமும் வலி மருந்துமே போதுமானதாக இருந்தாலும், சிலருக்கு அது கடுமையாகக்கூடும்.

சோதனையின்போது குடலுக்குள் வாயு செலுத்தப்படுவதால் அன்று மாலை வயிறு உப்புவது இயல்பு. ஆகவே உண்மையான வலியையும் ‘கேஸ்’ என்று வீட்டார் ஒதுக்கிவிட வாய்ப்புண்டு. முதுகுக்குப் பரவும் வலி, விடாத வாந்தி, நேரம் ஆக ஆகக் குறையாமல் கூடும் வலி ஆகியவற்றில் எது தோன்றினாலும், விடியட்டும் என்று காத்திராமல் அன்றிரவே மருத்துவமனைக்குச் சென்று, இந்தச் சோதனை செய்துகொண்டதைச் சொல்லி, லிப்பேஸ் பார்க்கச் சொல்ல வேண்டும்.